சட்ட ஆய்வில் கொள்கைப் பகுப்பாய்வு: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்?

சட்டப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வேட்டைச் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இன ஒருங்கிணைப்புக் கொள்கை பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடம்) அக்கம்பக்கத்திலும் ஓர் இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் கொள்கை அது. "தீர்ப்புகளைத் தொகுத்தால் போதாது, கொள்கைப் பகுப்பாய்வாகச் செய்யுங்கள்" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னதன் பொருள் என்ன, பொருளியலும் சமூகவியலும் படிக்காதவர் அதை எப்படிச் செய்வது என்பது உங்கள் கேள்வி.

முதலில் அது எது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எட்டு அத்தியாயம் சட்டம் எழுதிவிட்டு, ஒன்பதாவதில் "அரசாங்கம் இதைப் பரிசீலிக்கலாம்" என்று நான்கு பரிந்துரைகளைச் சேர்ப்பது கொள்கைப் பகுப்பாய்வு ஆகாது. நம் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடமும் அதுதான். எந்த விதியை எடுத்தாலும் அதற்குள் "இப்படிச் செய்தால் அப்படி நடக்கும்" என்ற கணிப்பு ஒன்று இருக்கிறது. அதை வெளியே எடுத்து, சங்கிலியைப் போலக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணியையும் அதற்குரிய துறையின் கருவியால் சோதித்து, கிடைத்த விடையோடு மீண்டும் சட்டத்துக்கே திரும்பி வருவதுதான் வேலை. சட்டத்தை இப்படிப் பார்க்கும் மரபு புதிதல்ல. 1943லேயே ஹரால்டு லாஸ்வெல் என்ற அரசியல் அறிஞரும் மைரஸ் மெக்டூகல் என்ற சட்டப் பேராசிரியரும் அமெரிக்காவின் யேல் சட்ட இதழில் இதற்காக வாதாடினார்கள். அந்த வரலாற்றுக்கு உங்கள் ஏட்டில் அரைப் பக்கம் போதும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, விதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வீடமைப்பு வளர்ச்சிச் சட்டம் 1959ஐத் திறந்து விழுக்காடுகளைத் தேடினால் கிடைக்காது. வீடு கைமாற வீவகவின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைக் கொடுக்கும் இடத்தில் கழகம் கடைப்பிடிக்கும் நிர்வாகக் கொள்கைதான் இது. 1989 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். பிடோக், தெம்பனீஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் குவிவதாக அரசாங்கம் கவலைப்பட்ட காலம் அது.

விதி சட்டத்தின் வாசகத்தில் இல்லை என்பது ஏதோ சிறு தகவல் போலத் தோன்றும். ஆனால் உங்கள் ஆய்வின் பாதையையே மாற்றுவது அதுதான். எழுதப்பட்ட சட்டத்தின் நோக்கத்தை நாடாளுமன்ற உரைகளிலிருந்து எடுக்க வழிசெய்வது, 1993ல் சேர்க்கப்பட்ட பொருள்விளக்கச் சட்டத்தின் 9ஏ பிரிவு. விழுக்காடுகள் எழுதப்பட்ட சட்டமாகவே இல்லாதபோது அந்தப் பிரிவு நேரடியாக உதவாது. ஆகவே உங்கள் சட்டக் கேள்வி இரண்டு இடங்களுக்கு நகர்கிறது. ஒன்று, நிர்வாக முடிவுகள் மீதான நீதிமன்ற மறுஆய்வு. இன்னொன்று, அரசமைப்புச் சட்டத்தின் 12(2) விதி. அந்த விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். குடிமக்களுக்கு எதிராக, இனத்தை 'மட்டும்' காரணமாக்கி, சொத்து வாங்குவது, வைத்திருப்பது, விற்பது தொடர்பான சட்டத்தை நிர்வகிப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. 'குடிமக்கள்' என்பதால் நிரந்தரவாசிகள் அதற்குள் வரமாட்டார்கள். 'மட்டும்' என்பதன் மீது ஒரு முழு அத்தியாயமே எழுதலாம். சிறுபான்மையினரின் நலனைப் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்னும் 152ஆவது விதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொள்கை சிறுபான்மையினருக்கு நன்மையா சுமையா என்ற கேள்வி, இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

இனி எண்கள். அக்கம்பக்கத்துக்கும் புளோக்குக்கும் தனித்தனி வரம்பு உண்டு. சீனர்களுக்கு 84, 87 விழுக்காடு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கு முதலில் 10, 13 ஆக இருந்து, 2010 மார்ச் 5 முதல் 12, 15 ஆனது. அதே நாளில் மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கென்று 5, 8 விழுக்காடு என்ற இன்னொரு வரம்பும் வந்தது. 2010ஐக் கடந்து செல்லும் எந்த ஒப்பீட்டிலும் இந்த இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஒன்றின் விளைவை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வரம்பு எப்படிக் கடிக்கிறது என்பதை மிகப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எங்கள் புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்துவிட்டது, அதனால் வீட்டை விற்க முடியவில்லை" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். புளோக்கில் 100 வீடு, அதில் 87 சீனக் குடும்பங்கள் என்று வையுங்கள். இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்றால் 88 ஆகிவிடும், அனுமதி கிடைக்காது. சீனக் குடும்பம் சீனருக்கு விற்றால் 87 அப்படியே இருக்கும், தடை இல்லை. ஆக, இந்திய விற்பனையாளரை முடக்குவது சீனர் வரம்பு நிறைவது. வாங்குவோரில் ஆகப் பெரிய கூட்டத்தை அவர் இழந்துவிடுகிறார். வேறொரு புளோக்கில் இந்தியர் வரம்பு மட்டும் நிறைந்திருந்தால் இந்திய விற்பனையாளருக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. அவர் யாருக்கும் விற்கலாம். அங்கே தடைபடுபவர் சீனரிடமோ மலாய்க்காரரிடமோ வீடு வாங்க நினைக்கும் இந்தியர். இந்த இயக்கத்தை ஏட்டின் முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். விற்பவர், வாங்குபவர், நிறைந்த வரம்பு, அனுமதி உண்டா என்று நான்கு பத்தி போதும். அது சரியாக இல்லையென்றால் பின்னால் வரும் விலைக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

அடுத்து, அந்தக் கணிப்பைச் சங்கிலியாக எழுதுங்கள். வரம்பு வைத்தால் புளோக்கில் இனக் கலவை அமையும். கலவை அமைந்தால் அண்டை வீட்டார் பழகுவார்கள். பழகினால் புரிந்துணர்வு வளரும். இதற்கான செலவு தாங்கக்கூடியது. நான்கு கண்ணிகள், நான்கு துறைகள்.

முதல் கண்ணி மக்கள்தொகைக் கணக்கு. குடிமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) இன விவரம் திட்டமிடல் வட்டாரவாரியாகக் கிடைக்கும். இங்கே இரண்டு பொறிகள். குடிமதிப்பு ஆட்களை எண்ணுகிறது, வரம்போ குடும்பங்களுக்கானது. குடிமதிப்பில் 'இந்தியர்' தனி, 'மற்றவர்' தனி. வரம்பிலோ இருவரும் ஒரே கூடை. பாயா லேபாரில் குடியிருக்கும் யூரேசியக் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு மரபு) குடும்பமும் தமிழ்க் குடும்பமும் அந்த 15 விழுக்காட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கலப்பு மணக் குடும்பம் எந்த இனமாகப் பதிவாகிறது என்பதும் ஆய்வுப் பொருள்தான். சட்டம் மனிதர்களை எப்படி வகைப்படுத்துகிறது என்பதைச் சட்ட மாணவரால் தான் ஆழமாக எழுத முடியும். பொருளியலாளர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, மூன்றாவது கண்ணிகளைத்தான் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். "ஒரே மாடியில் இருந்தால் பழகிவிடுவார்கள்" என்பது உளவியலில் தொடர்புக் கருதுகோள் என்று அறியப்படும் எண்ணத்துக்குப் பக்கத்தில் இருப்பது, ஆனால் அதுவே அல்ல. கார்டன் ஆல்போர்ட் 1954ல் அதை முன்வைத்தபோதே நான்கு நிபந்தனைகள் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுச் செயல், அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு. பக்கத்தில் வசிப்பது மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே மின்தூக்கியில் பார்த்துத் தலையசைப்பதும், புளோக்கின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளத்தில் கல்யாணமும் இறுதிச்சடங்கும் அடுத்தடுத்து நடப்பதும் எந்த நிபந்தனையின் கீழ் வருகின்றன என்று கேளுங்கள். வேறு துறையிலிருந்து ஒரு கருத்தைக் கடன் வாங்கும்போது அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். பல்துறைச் சட்ட ஆய்வுகளில் நான் அதிகம் கவலைப்படும் குறை இதுதான்: பெயரை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவது. அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவரிடம் அந்தப் பத்தியை மட்டுமாவது காட்டித் திருத்தி வாங்குங்கள்.

நான்காவது கண்ணி செலவு. வீவக வீடுகளின் மறுவிற்பனை விலைகள் அரசாங்கத் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜியில் 1990 முதல் கிடைக்கின்றன. மாதம், நகரம், வீட்டு வகை, புளோக், தெரு, மாடி வரிசை, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை எல்லாம் இருக்கும். இனம் இருக்காது. விற்பனைக்குப் போட்டு எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பதும் இருக்காது. இந்த இரண்டு இன்மைகளும் உங்கள் முடிவைக் குறிப்பிட்ட திசையில் இழுக்கும். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் சீனர் சீனருக்கு விற்ற வீடும் இந்தியர் இந்தியருக்கு விற்ற வீடும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். முன்னது அதிகம், பின்னது ஒன்றிரண்டு. புளோக்கின் சராசரியை எடுத்தால் சிறுபான்மை விற்பனையாளர் பட்ட நட்டம் கரைந்து காணாமல் போகும். "சராசரியில் வித்தியாசம் இல்லை, ஆகவே சுமை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பொருளியலாளர் இந்தச் சிக்கலைத் தாண்ட, தொலைபேசிப் புத்தகத்திலுள்ள பெயர்களை இனவாரியாகப் பிரித்துப் புளோக்குகளின் கலவையைத் தானே கணக்கிட்டார். பெயரைப் பார்த்து இனத்தை ஊகிப்பதில் பிழை வரும். கிறிஸ்தவத் தமிழரும் யூரேசியரும் ஒரே பெயரோடு நிற்பார்கள். ஆனாலும் தரவு இல்லாத இடத்தில் தரவை உருவாக்கும் முயற்சிக்கு அது நல்ல பாடம்.

மாணவர் செய்யக்கூடிய அளவில் ஒரு வழி சொல்கிறேன். வீவகவின் இணையச் சேவையில் ஒரு புளோக்கை இட்டால், எந்த இனத்தவர் எந்த இனத்தவருக்கு விற்கலாம் என்று காட்டும். மாதத்தின் முதல் தேதி அது புதுப்பிக்கப்படுகிறது. நீங்கள் பார்ப்பது அந்த மாதத்தின் நிலை. எனவே இன்றே தொடங்குங்கள். இரண்டு நகரங்களில் 40 புளோக்கைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் 2ஆம் தேதி கையால் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் 240 பதிவு சேரும். பிறகு ஒரே நகரத்துக்குள், ஒரே வீட்டு வகைக்குள், வரம்பு நிறைந்த புளோக்கையும் நிறையாததையும் ஒப்பிடுங்கள். மாடி, பரப்பளவு, 99 ஆண்டுக் குத்தகையில் மிச்சம், விற்ற மாதம் ஆகிய நான்கும் ஒத்திருக்கும்படி பார்த்து ஒப்பிடுங்கள். ஈசூனையும் குவீன்ஸ்டவுனையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது இடத்தின் விலையை, வரம்பின் விளைவை அல்ல. இவ்வளவு செய்தாலும் விடை சுட்டிக்காட்டும் அளவுக்குத்தான் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். காத்திருப்புக் காலத்துக்குச் சொத்து முகவர்கள் சிலரையும், விற்றவர்கள் அல்லது விற்க முயன்றவர்கள் 12 முதல் 15 பேரையும் நேர்கண்டால் போதும்.

நேர்காணல் என்றதும் நினைவுக்கு வரும் ஒன்று. தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதும்போது பொருள் நழுவும் இடங்கள் நிறைய. "வீடு விற்க எட்டு மாசம் ஆச்சே, சிரமமா இருந்ததா?" என்று கேட்டால் "பரவாயில்லீங்க" என்பார்கள். அதைத் 'திருப்தி' என்று குறியிட்டால் தவறு. அது சகித்துக்கொண்டேன் என்பதாக இருக்கலாம், அந்நியரிடம் குறை சொல்ல விருப்பமில்லை என்பதாகவும் இருக்கலாம். அவர் சொன்ன தமிழ்ச் சொல்லையே பதிவில் வைத்து, பக்கத்தில் உங்கள் விளக்கத்தை எழுதுங்கள். வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய தலைப்பாக இருந்தால் இது இன்னும் கூர்மையானது. அவர்களுடைய வேலை அனுமதிச்சீட்டு முதலாளியோடு பிணைந்தது. தங்குவிடுதிக்குள், மேற்பார்வையாளர் கண் படும் இடத்தில் எடுத்த பேட்டியை ஆதாரமாக வைக்காதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், அவரால் வாசிக்க முடியாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள், பெயரையும் நிறுவனத்தையும் முதல் குறிப்பிலேயே விட்டுவிடுங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை ஒருவரையும் பேட்டி காணக்கூடாது. ஆகவே விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே போட வேண்டும்.

சிங்கப்பூரில் பொதுவான தகவலறியும் உரிமைச் சட்டம் இல்லை என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைச்சிடம் எழுதிக் கேட்டுக் கிடைக்காமல் போகலாம். ஆனால் நாடாளுமன்றக் கேள்விகளுக்கான எழுத்துபூர்வப் பதில்களில் பல எண்கள் சிதறிக் கிடக்கின்றன. நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்டில் 'இன ஒருங்கிணைப்பு' என்ற சொல்லோடு நிறுத்தாமல் 'மறுவிற்பனை', 'மேல்முறையீடு' என்றும் தேடுங்கள். வெளியிடப்படாத அரசாங்கப் புள்ளிவிவரம் தெரிந்தவர் வழியாகக் கைக்கு வந்தால் பயன்படுத்தாதீர்கள். அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் இருக்கிறது. கொள்கை அறிமுகமான நாள்களில் மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று அறிய, தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் 1989 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நாளிதழ்களைப் புரட்டுங்கள். சட்டத்தின் பழைய வடிவம் வேண்டுமென்றால் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் இணையச் சட்டத் தொகுப்பில் காலவரிசைப் பக்கம் இருக்கிறது. 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31ல் நடப்புக்கு வந்தபோது சட்டங்களின் பெயரோடு இருந்த அத்தியாய எண்கள் போய் ஆண்டுகள் வந்தன. பழைய தீர்ப்பில் 'அத்தியாயம் 129' என்று பார்த்தால் அது இதே வீடமைப்பு வளர்ச்சிச் சட்டம்தான்.

சட்டம் நடப்புக்கு வந்த தேதியையே 'முன்', 'பின்' என்று பிரிக்கும் கோடாக எடுப்பது இன்னொரு பெரிய சறுக்கல். தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம், இதற்கு நல்ல உதாரணம். மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1ல் நடப்புக்கு வந்தது. பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதிகளில் கூடுதல் கட்டுப்பாடு. இதன் விளைவை அளக்க 2014ஐயும் 2016ஐயும் ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் உடனேயே கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. 2014 ஏப்ரல் முதல் ஓராண்டுக்குத் தற்காலிகச் சட்டம் ஒன்றும் இருந்தது. அதனால் 2014 என்பது லிட்டில் இந்தியாவுக்கு 'முன்' அல்ல. அதோடு கூடுதல் விளக்குகள், கேமராக்கள், பேருந்து ஏற்பாடுகளில் மாற்றம் எல்லாம் அதே காலத்தில் நடந்தன. குற்றம் குறைந்திருந்தால் எதனால் குறைந்தது என்று பிரிக்க முடியாது. நாடு முழுவதும் ஒரே நாளில் நடப்புக்கு வந்ததால் ஒப்பிட வேறு வட்டாரமும் இல்லை. இப்படிப்பட்ட சட்டத்துக்கு எண்களை விட்டுவிட்டு, கலவரத்தை விசாரித்த குழுவின் 2014 அறிக்கை என்ன காரணங்களைச் சொன்னது, மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் அவற்றில் எவை எடுத்துக்கொள்ளப்பட்டன, எவை விடப்பட்டன என்று வரிக்கு வரி ஒப்பிடுவது நேர்மையான முறை. எல்லாக் கொள்கைப் பகுப்பாய்வும் புள்ளியியலாக இருக்க வேண்டியதில்லை.

மாற்று வழிகளுக்கு வருவோம். உங்கள் தலைப்பில் குறைந்தது நான்கை எடைபோடலாம்: இப்படியே விடுவது, வரம்பை உயர்த்துவது, குறிப்பிட்ட காலம் முயன்றும் விற்க முடியாதவருக்கு விலக்கு அளிப்பது, நட்டத்தைப் பொதுப் பணத்தில் ஈடுசெய்வது. வேறு வழியே இல்லாதவர்களிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022ல் அறிவிக்கப்பட்டது. அதையும் சேர்த்து, அது எந்தக் கண்ணியைச் சரிசெய்கிறது என்று கேளுங்கள். செலவைக் குறைக்கிறதே தவிர முதல் மூன்று கண்ணிகளைத் தொடவில்லை. அளவுகோல்களை மாற்று வழிகளுக்கு முன்பே எழுதித் தேதி போட்டுவிடுங்கள். பிடித்த வழியை முடிவுசெய்த பின் அளவுகோல் தேடினால் அது தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 17க்கும் 16க்கும் உள்ள வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. "இது ஒருங்கிணைப்பைக் கூட்டும், ஆனால் சுமையைச் சிலர் மீது வைக்கும், அதை ஏற்பது இந்தக் காரணத்தால்" என்று வாக்கியமாக எழுதுவது கடினம், ஆனால் மறைக்க முடியாதது.

கடைசியில் சட்டத்துக்குத் திரும்பும்போது ஓர் எல்லைக்கோட்டைக் காக்க வேண்டும். கொள்கையாக நல்லது என்று நீங்கள் கண்டதை "இதுதான் சட்டத்தின் நோக்கம்" என்று மாற்றிச் சொல்லக்கூடாது. டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017ல், சட்டத்துக்குப் பொருள்காணும் வரிசையைத் தெளிவாக்கியது: முதலில் வாசகத்துக்கு இருக்கக்கூடிய பொருள்கள், அடுத்து நாடாளுமன்றத்தின் நோக்கம், பிறகு எந்தப் பொருள் அந்த நோக்கத்தோடு பொருந்துகிறது. நோக்கத்தையும் முதலில் வாசகத்திலிருந்தே எடுக்கச் சொல்கிறது. உங்கள் விலைக் கணக்கு இந்த மூன்று படிகளில் எதிலும் நுழையாது. அது நுழையக்கூடிய இடங்கள் வேறு. 12ஆவது விதியின் கீழ், வகைப்பாட்டுக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வியில் உண்மைப் பின்னணியாக வரலாம். சட்டத் திருத்தப் பரிந்துரையில் முழுமையாக வரலாம். எந்த இடத்தில் எதைச் சொல்கிறீர்கள் என்பதை உட்தலைப்பிலேயே காட்டுங்கள்: இது நடப்பிலுள்ள சட்டம், இது நடப்பின் விளைவு, இது இருக்க வேண்டிய சட்டம்.

10,000 சொல் ஏடு என்றால் சட்டத்துக்கு 3,500, இயக்கத்துக்கும் சங்கிலிக்கும் 1,500, ஆதாரத்துக்கு 3,000, மாற்று வழிகளுக்கு 1,500, முன்னுரைக்கு மிச்சம் என்று பிரியுங்கள். நான்கு கண்ணிகளையும் ஒரே ஆழத்தில் சோதிக்க முயலாதீர்கள். ஒன்றை முழுமையாகச் சோதித்து, மற்ற மூன்றுக்கு ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை ஏற்றுக்கொள்வதாக வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் சட்டப் பின்னணிக்கு நான்காவதையே தேர்ந்தெடுப்பேன். செலவை யார் தாங்குகிறார் என்பதுதான் 12ஆவது விதியை நேராகத் தொடுகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். சங்கிலியை ஒரே தாளில் வரைந்து பேராசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த மாதம் 2ஆம் தேதிக்குள் அந்த 40 புளோக்குகளின் பட்டியலைத் தயாராக வையுங்கள். தவறவிட்ட மாதத்தின் நிலையைப் பிறகு அந்தச் சேவையில் பார்க்க முடியாது.